முதல் சேகரம்: இளம் போதகரின் தொடக்க ஆண்டுகள்

 புதிதாகப் பொறுப்பேற்கும் போதகர் தம் சபையை எப்படி அறிவது, எப்படி நடத்துவது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

தென் தமிழ்நாட்டில் ஒரு சேகரம் என்றால் பெரிய ஊரில் ஒரு கோயில், அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சில சிறு சபைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கல்லறைத் தோட்டம், போதகர் குடியிருக்க ஒரு குருமனை. பொறுப்பேற்க வருபவருக்குப் பெரும்பாலும் முப்பதை ஒட்டிய வயது. சேகரக் கமிட்டியில் பாதிப்பேர் அவருடைய அப்பா வயதினர். அவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கோயில் மணி எந்தப் போதகர் காலத்தில் வந்தது, கோபுரம் எவர் காலத்தில் ஒழுகியது, சபை எதற்காக இரண்டுபட்டது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிதாக வந்தவருக்கோ ஆலயத்து விளக்குக்குச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. இந்தக் கூட்டத்துக்கு இவர் எப்படித் தலைவராவது?

இந்தக் கேள்வி இன்று முளைத்ததன்று. எபேசுவில் சபையைக் கவனித்துக்கொண்டிருந்த தீமோத்தேயுவுக்கும் இதே சிக்கல் இருந்தது. அவருடைய இளமையை யாரும் அற்பமாக எண்ண இடம் கொடுக்க வேண்டாம் என்று பவுல் எழுதினார். அதற்கு அவர் காட்டிய வழிதான் கவனிக்கத்தக்கது. பெரியவர்களோடு வாதாடச் சொல்லவில்லை. பதவியை நினைவூட்டச் சொல்லவில்லை. பேச்சிலும் நடத்தையிலும் அன்பிலும் விசுவாசத்திலும் கற்பிலும் மாதிரியாயிருக்கச் சொன்னார். வயதுக்குக் கிடைக்காத மதிப்பு நடத்தைக்குக் கிடைக்கும். ஆனால் நடத்தை ஒரே நாளில் தெரிந்துவிடாது. அதைச் சபையார் பார்த்து முடிக்க ஒன்றிரண்டு ஆண்டாவது ஆகும். இளம் போதகர் பலர் இடறுவது இந்த இடத்தில்தான்: சபை தங்களை அறிந்துகொள்வதற்கு முன்பே, தாங்களும் சபையை அறிந்துகொள்வதற்கு முன்பே, சபையை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள்.

நெகேமியா எருசலேமுக்கு ராஜாவின் கடிதத்தோடு வந்தார். அதிகாரம் கையில் இருந்தது. ஆனாலும் மூன்று நாள் சும்மா இருந்தார். பிறகு இரவில், சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, இடிந்த மதிலையும் எரிந்த வாசல்களையும் சுற்றிப் பார்த்தார். எங்கே போனார், என்ன பார்த்தார் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாது. பார்த்து முடித்த பிறகே பேசினார். பேராயரின் நியமனக் கடிதத்தோடு வரும் இளம் போதகருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? முதல் ஆறு மாதம் ஆராதனை நேரத்தை மாற்ற வேண்டாம். பாடகர் குழுவின் இடத்தை மாற்ற வேண்டாம். பாமாலையை மூடிவைத்துவிட்டு கித்தாரைக் கொண்டுவர வேண்டாம். அவை மாறக் கூடாதவை என்பதற்காக இப்படிச் சொல்லப்படவில்லை. எந்தப் பாட்டை எந்தக் கிழவி தன் கணவனின் அடக்க ஆராதனையில் பாடினாள் என்று தெரியாமல் அந்தப் பாட்டின் மேல் கை வைக்கக் கூடாது என்பதற்காகத்தான். இரண்டு காரியங்களுக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது: கணக்கில் மோசடி, பிள்ளைகளின் பாதுகாப்பு. இவற்றில் ஒருநாள் தாமதமும் தவறு.

பார்ப்பது என்றால் எங்கே பார்ப்பது? அசனம் என்னும் சபை விருந்துக்கு முந்தின இரவைப் போல நல்ல இடம் வேறில்லை. கோயில் வளாகத்தில் பந்தலுக்குக் கீழே, டியூப் லைட் வெளிச்சத்தில், அரிவாள்மணையும் கத்தியுமாக ஐம்பது அறுபது பேர் காய் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் கத்தரிக்காய், ஒரு பக்கம் வாழைக்காய், மூலையில் வெங்காயத்தோடு கண்ணீர் விடும் வாலிபர்கள். போதகர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகலாம். அல்லது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு தரையில் உட்காரலாம். உட்கார்ந்தவருக்கு அந்த ஓரிரவில் தெரிவது கமிட்டித் தீர்மானப் புத்தகத்தில் இருக்காது. யார் யாருக்கு எதிரே உட்காருவதில்லை, எந்த வீட்டு மகன் மும்பையிலிருந்து வருவதை நிறுத்திவிட்டான், யாருடைய வயல் வழக்கில் கிடக்கிறது, ஊர் யார் சொல்லுக்கு உண்மையில் கட்டுப்படுகிறது என்பதெல்லாம் அங்கே காதில் விழும்.

அடுத்தது வீட்டுச் சந்திப்பு. இதைப் பற்றிப் பேசாத போதகர் இல்லை. தவறாமல் செய்பவர்கள் குறைவு. இங்கிலாந்தில் கிட்டர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊருக்கு 1641-இல் ரிச்சர்ட் பாக்ஸ்டர் வந்தபோது அவருக்கு வயது 25. எண்ணூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அந்த ஊரில் இருந்தன. பிற்காலத்தில் அவரும் அவருடைய துணைக் குருவும் வாரந்தோறும் திங்களையும் செவ்வாயையும் இதற்கென்றே ஒதுக்கினார்கள். குடும்பம் குடும்பமாகப் பேசி, ஓர் ஆண்டில் ஊர் முழுவதையும் சுற்றி முடித்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் போதக ஊழியம் பற்றிய அவருடைய புத்தகம் 1656-இல் வெளிவந்தது. இன்றைய சேகரம் ஒன்றில் 250 குடும்பங்கள் இருப்பதாகக் கொள்ளலாம். வாரத்துக்கு ஐந்து வீடு போனாலே ஓர் ஆண்டில் எல்லா வீட்டிலும் கால் வைத்துவிடலாம். வாரத்துக்கு ஐந்து வீடு முடியாத காரியமா?

இதில் சில நடைமுறைகள் உண்டு. முதல் வாரத்தில் போதகர் எந்த வீட்டில் சாப்பிட்டார் என்பதை ஊர் முழுவதும் கவனிக்கும். ஆகவே காரில் வந்து அழைக்கிற வீட்டுக்கு முதலில் போகாமல், தெரு வரிசையில் போவது நல்லது. பீடி சுற்றுகிற வீட்டிலும் தீப்பெட்டி ஆலைக்குப் போகிற வீட்டிலும் வேலை நேரம் அறிந்து போக வேண்டும். மகன்கள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, முதியவர்கள் மட்டும் தனியே கிடக்கிற வீடுகள் பெருகிவிட்டன. அங்கே கொஞ்சம் கூடுதலாக உட்கார வேண்டும். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண் போதகர் தனியே போகக் கூடாது; மனைவியோ, சபை ஊழியரோ, பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஒரு மூத்த தாயாரோ உடன் வரட்டும். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும், அந்த வீட்டுக்காரர் சொன்ன காரியம் அதில் இருக்கட்டும். சங்கக் காணிக்கை பாக்கியை அன்று கேட்கவே கூடாது. வீடு திரும்பியதும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம்: பிள்ளையின் பெயர், பரீட்சை, அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாள். அந்தரங்கமாகச் சொன்னதை மட்டும் எங்கும் எழுதக் கூடாது. நோட்டு தொலையும்.

போதகர் சோதிக்கப்படுவது துக்க வீட்டில். சாவுச் செய்தி வந்ததும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். போய் என்ன சொல்வது? இளம் போதகரை வாட்டும் கேள்வி இதுதான். யோபுவின் சிநேகிதர் மூவரைப் பார்க்கலாம். அவர்கள் வந்து ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்களைப் போல நல்ல சிநேகிதர் இல்லை. வாயைத் திறந்து, துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயிடம் தேவ சித்தத்தை விளக்கப் புறப்படுகிறவர் அந்தச் சிநேகிதர் செய்ததையே திரும்பச் செய்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பிறகு எழுந்து, யாரும் கேட்கத் தயங்குகிற கேள்விகளைத் தணிந்த குரலில் கேட்கலாம்: வெளியூரிலிருந்து யார் வர வேண்டும், அடக்கம் எத்தனை மணிக்கு, குழி தோண்ட ஆள் சொல்லியாயிற்றா, பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் எப்போது வரும்? அடக்க ஆராதனையில் இறந்தவரின் பெயரைத் தவறில்லாமல் சொல்ல வேண்டும். தூக்கிட்டு இறந்தவர் வீட்டில் நரகத்தைப் பற்றிப் பேசும் போதகரை அந்தக் குடும்பம் மன்னிக்காது. மன்னிக்க வேண்டியதும் இல்லை. மூன்றாம் நாள் ஜெபத்துக்கு எல்லாரும் வருவார்கள். உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பி, வீடு வெறிச்சோடிப்போன ஒரு மாதத்துக்குப் பிறகு வருபவர் யார்? அன்று போதகர் போக வேண்டும்.

இப்படி வீடுகளை அறிந்தவருக்குப் பிரசங்கம் எளிதாகும். இன்று சபையார் எல்லாரிடமும் கைபேசி இருக்கிறது. புகழ்பெற்ற பிரசங்கிகளை யூடியூபில் கேட்டுவிட்டுத்தான் கோயிலுக்கு வருகிறார்கள். அவர்களோடு போட்டி போட இளம் போதகரால் முடியாது; போட்டி போட வேண்டியதும் இல்லை. அந்தப் பிரசங்கிக்கு இந்த ஊரில் மழை தவறியது தெரியாது. மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பெண்ணுக்கு நாளை மருத்துவமனையில் முடிவு வரப்போவது தெரியாது. சேகரத்துப் போதகருக்குத் தெரியும். ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு. வீட்டில் கேட்டதை மேடையில் கதையாகச் சொல்லவே கூடாது. பெயரை மறைத்துச் சொன்னாலும் சிறிய ஊரில் முதல் வாக்கியத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு எந்த வீடும் வாய் திறக்காது. பிரசங்க மேடையிலிருந்து எதிராளிகளைக் குத்திப் பேசுவதும் கூடாது. பதில் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரைத் தாக்குவது கோழைத்தனம். மற்றபடி, செவ்வாய்க்கிழமையே வேதபாகத்தை உரக்கப் படித்துப் பார்ப்பது, இருபது நிமிடத்துக்குள் முடிப்பது, மைக்கில் கத்தாமலிருப்பது ஆகியவை பழகப் பழக வரும்.

இனிப் பணம். போதகர்களின் பெயர் கெடுவது பிரசங்கத்தால் என்பதைவிடப் பணத்தால் என்பதே உண்மை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் உடன் அனுப்பினார். யாரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது என்பதே அதற்குக் காரணம் என்று கொரிந்தியருக்கு வெளிப்படையாகவே எழுதினார். அப்போஸ்தலனுக்கே அந்த முன்னெச்சரிக்கை தேவைப்பட்டது. நேற்று வந்தவருக்கு வேண்டாமா? காணிக்கைப் பையை வெஸ்ட்ரியில் குறைந்தது இரண்டு பேர் எண்ணி, தொகையை எழுதி, கையெழுத்திட்டு, மறுநாளே வங்கியில் கட்ட வேண்டும். ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது வேண்டும். சபைப் பணத்துக்குப் போதகரின் சொந்த ஜிபே எண்ணைக் கொடுப்பது ஆபத்து. சபையார் எவரிடமும் கடன் வாங்கக் கூடாது. கடன் கொடுத்தவருக்கு எதிராக ஒரு நியாயத்தைப் பேச வாய் வராது.

பதிவேடுகளும் பணத்தைப் போன்றவையே. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியும் புத்தகங்கள் சட்டத்தின் முன் நிற்கும் சாட்சிகள். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872-ஆம் ஆண்டினது. அந்தச் சட்டத்தின் கீழ் நடத்தும் திருமணத்தில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருப்பதைச் சான்றோடு பார்த்த பிறகே ஆலயத்தில் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழில் தேதியை மட்டும் சற்று மாற்றித் தரும்படி ஒருவர் வந்து கெஞ்சுவார். நல்லவராகவே இருப்பார், கமிட்டி அங்கத்தினராகவும் இருப்பார். முடியாது என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பழக வேண்டும்.

கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று நான்கு ஆண்டில் மாற்றலாகிப் போகிற போதகர், போவதற்குள் கோயிலை இடித்துக் கட்டித் தம் பெயரைக் கல்வெட்டில் பார்த்துவிடத் துடிப்பது ஒரு நோயாகவே பரவியிருக்கிறது. மிஷனரி ராபர்ட் கால்டுவெல் இடையன்குடிக்கு 1841-இல் வந்தார். அங்கே அவர் எழுப்பிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டி முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அவசரப்பட்டு நிதி திரட்டிச் சபையைக் கடனாளியாக்குவதைவிட, ஒழுகுகிற கூரையை ஒட்டுப் போட்டுவிட்டுப் போவதே மேல்.

எதிர்ப்பு வராமலிருக்குமா? வரும். 1782-இல் சார்ல்ஸ் சிமியோன் கேம்பிரிட்ஜ் நகரத்துப் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 23. சபையார் வேறொருவரை விரும்பியிருந்தார்கள். அந்நாளில் ஆலய இருக்கைகள் குடும்பங்களுக்கு உரிமையானவை. கதவு வைத்துப் பூட்டும் வழக்கமும் உண்டு. அவர்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டு வராமல் இருந்துகொண்டார்கள். வந்தவர்கள் நடைபாதையில் நின்றார்கள். சிமியோன் சொந்தச் செலவில் பெஞ்சுகள் வாங்கிப் போட்டார்; ஆலய நிர்வாகிகள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். ஒரு வாரம், ஒரு மாதம் என்று இல்லை. இந்தப் பகை பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. சிமியோன் போய்விடவில்லை. 1836-இல் இறக்கும் வரை, 54 ஆண்டுகள் அதே ஆலயத்தில் ஊழியம் செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் குருமார்களாக இந்தியாவுக்கு இளைஞர்களைத் தேடி அனுப்பியவரும் அவரே. அவரிடம் துணைக் குருவாக இருந்த ஹென்றி மார்ட்டின் 1806-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். சிமியோனை அடக்கம் செய்த அன்று, அவரைத் துரத்தப் பார்த்த அதே நகரம் துக்கம் கொண்டாடியது.

ஆனால் எதிர்ப்பவர் எல்லாரையும் பூட்டுப் போட்டவர்களாக எண்ணிவிடக் கூடாது. குறை சொல்பவர் சில நேரம் சரியாகவே சொல்வார். தாம் செய்த ஒரு காரியத்தைக் குறித்த குறையா, தம்மையே பிடிக்காத குறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னதைத் திருத்திக்கொள்ளலாம், பின்னதைத் தாங்கிக்கொள்ளலாம். திருமண்டலத் தேர்தல் நெருங்கும்போது இரண்டு அணியும் போதகரைத் தம் பக்கம் இழுக்கும். ஓர் அணியின் சுமோவில் ஒருமுறை ஏறினாலே போதும், மற்ற அணியின் வீடுகளில் கதவு சாத்திக்கொள்ளும். சாதி இதைவிட ஆழமானது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபைகள் கலங்கின. ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது, திருவிருந்துக்கு யார் முதலில் வருவது என்பதே வழக்கு. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழிந்தும் அந்த வழக்கு முடியவில்லை. ஒரு காரசாரமான பிரசங்கத்தால் அது தீராது, மௌனத்தாலும் தீராது. போதகர் எந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், எந்த வீட்டில் தயங்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிறார், யாரை வேதபாடம் வாசிக்க அழைக்கிறார் என்பவையே முதலில் பேசும்.

எல்லாவற்றையும் ஒருவரே செய்ய முடியுமா? காலைமுதல் மாலைவரை வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ கேட்டதும் இதைத்தான். இளம் போதகர் மைக் செட்டைச் சரிபார்ப்பார், பாட்டு எண் எழுதுவார், ஓய்வுநாள் பள்ளியும் எடுப்பார். ஆறே மாதத்தில் சோர்ந்துபோவார். சிற்றூர்ச் சபையில் பல ஆண்டாக இருக்கும் உபதேசியாரைக் கலந்துகொள்ளாமல் அந்த ஊரில் எதையும் முடிவு செய்யக் கூடாது. தரங்கம்பாடியில் 1733-இல் குருப்பட்டம் பெற்ற முதல் புராட்டஸ்டன்ட் தமிழர் ஆரோன் உபதேசியாராக உழைத்து உயர்ந்தவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. பெண்களுக்குப் பொறுப்புத் தருவதிலும் தயக்கம் வேண்டாம். தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது; 2013-இல் ஒரு பெண்ணைப் பேராயராகவும் ஏற்றுக்கொண்டது. இருந்தும் பெண் போதகரிடம் அடக்க ஆராதனையை ஒப்படைக்கத் தயங்கும் ஊர்கள் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட ஊருக்குப் போகும் பெண் போதகருக்கு மேலே சொன்ன வீட்டுச் சந்திப்புதான் வழி திறக்கும். வீட்டில் ஒருவர் நோயாகக் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவரை, கல்லறைத் தோட்டத்துக்கு வர வேண்டாம் என்று அந்த வீட்டார் சொல்ல மாட்டார்கள்.

சோர்வைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகக் கேட்டபோது, தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும் தூக்கமும்தான்; புத்திமதி இல்லை. வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும். திங்கட்கிழமை என்று சபையாருக்குச் சொல்லிவிடலாம். சாவு வீட்டுக்கு மட்டும் அது பொருந்தாது. குருமனை ஊர்ச் சாவடியாகிவிடக் கூடாது. மனைவி சம்பளமில்லாத உதவி ஊழியர் அல்லர். பிள்ளைகள் ஊருக்கு மாதிரி காட்டப் பிறந்தவர்களும் அல்லர். சேகரத்துக்கு வெளியே, மனம்விட்டுப் பேச ஒரு மூத்த போதகரையோ உடன் படித்தவரையோ தேடி வைத்துக்கொள்வது மருந்தைவிட மேலானது. தூக்கம் வராமல் வாரக்கணக்கில் தவிப்பவர் ஜெபத்தோடு மருத்துவரையும் பார்க்கட்டும்.

கடைசியில் மாற்றல் உத்தரவு வரும். வந்த நாளிலேயே கணக்குப் புத்தகங்களையும் பதிவேடுகளையும் சாவிகளையும் ஒழுங்கு செய்யத் தொடங்க வேண்டும். அடுத்து வருபவருக்கென ஒரு தாளில் சிலவற்றை எழுதி வைக்கலாம்: படுக்கையில் இருப்பவர்கள் யார், மாதந்தோறும் திருவிருந்து கொண்டுபோக வேண்டிய வீடுகள் எவை, எந்தச் சிற்றூருக்கு எந்தப் பஸ். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எழுத வேண்டாம். அதை அவரே பார்த்துக்கொள்வார். போன பிறகு, பழைய சேகரத்திலிருந்து கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால், புதிய போதகர் தாமே அழைத்தாலொழியப் போகக் கூடாது. போனிலும் அந்தச் சபையின் விவகாரம் பேசக் கூடாது. அங்கே இப்போது வேறொரு இளம் போதகர் இருக்கிறார். அவருக்கும் கொஞ்சம் காலம் வேண்டும்.